இரண்டே மடை

240 என்ற எண் ஓராண்டுக்கும் மேலாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தோட்டத்தில் தோண்டி எடை பார்த்த செடிகளின் எண்ணிக்கை அது. தோட்டத்தின் ஒரு பாதிக்குச் சொட்டுநீர், மறு பாதிக்கு வாய்க்கால் பாசனம். ஒவ்வொரு பாதியிலும் நான்கு அளவு பொட்டாஷ், ஓர் அளவுக்கு ஆறு பாத்திகள், பாத்திக்கு ஐந்து செடிகள். அந்தத் தரவை ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டுக்குக் கொண்டுவந்த ஆய்வு மாணவி, குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் சாதாரண அனோவாவைத் தன் நெறியாளர் ஏற்கவில்லை என்றும், எந்த அளவீடு எந்தக் குழுவுக்குள் அடங்கியது என்பதையும் கணக்கில் கொள்ளும் மிக்ஸட் மாடல் போடாவிட்டால் இப்போதெல்லாம் இதழ்களில் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினார் என்றும் கூறினார். கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவன் என்பதால் இப்படிப்பட்ட வேண்டுகோளோடு வருபவர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். வேளாண்மை, கால்நடை, பட்டு வளர்ப்பு, பின்னலாடை என்று துறைதான் மாறுமே தவிர, ‘அட்வான்ஸ்டா ஏதாச்சும் போட்டுக் குடுங்க சார்’ என்ற வாக்கியம் மாறாது. அந்த வாக்கியத்தை நான் பல ஆண்டுகள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறேன் என்பதை இந்தத் தோட்டம்தான் எனக்குக் காட்டியது.

கோப்பு மிகச் சுத்தமாக இருந்தது. பாசன முறை, பொட்டாஷ் அளவு, பாத்தி எண், செடி எண், ஈரக்கிழங்கின் எடை என்று ஐந்து பத்திகள். ஓரிடத்திலும் எண் விடுபடவில்லை. மாசி வெயிலில் கிழங்கைப் பெயர்த்து, மண் உதிர்த்து, தராசில் வைத்து, நோட்டில் குறித்து, இரவில் கணினியில் ஏற்றிய உழைப்பு ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. அவர் போட்டிருந்த அட்டவணையில் பிழைக்கு உரிய டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது பிழையைக் கணிக்கக் கையில் இருக்கும் தனித் தகவல்களின் எண்ணிக்கை, 232 என்று இருந்தது. பாசன முறைக்கு நேரே நின்ற பி-மதிப்பில், அதாவது உண்மையில் விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான வாய்ப்பில், புள்ளிக்குப் பின் எத்தனை சுழியங்கள் என்று விரல் வைத்து எண்ண வேண்டியிருந்தது. ஒரே பாத்தியில் நிற்கும் ஐந்து செடிகள் ஒரே மண்ணையும் ஒரே உரத்தையும் பகிர்ந்துகொள்பவை. அவற்றை ஐந்து தனிச் சாட்சிகளாக ஏற்க முடியாது. ஒரு குழுவுக்குள் இருக்கும் ஒற்றுமை அந்தக் குழுவின் சாட்சியத்தை எவ்வளவு குறைக்கிறது என்று பார்க்க, மாதிரிக் கணக்கெடுப்பு அறிஞர் லெஸ்லி கிஷ் 1965இல் பரவலாக்கிய எளிய கணக்கு ஒன்று உண்டு. குழுவின் அளவில் ஒன்றைக் கழித்து, அதை அந்த ஒற்றுமையின் அளவான உள்ளொற்றுமைக் கெழுவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டவேண்டும். பாத்திக்குள் ஒற்றுமை 0.5 என்று வைத்துக்கொண்டால் ஐந்து செடிகளுக்கு அது 3 ஆகிறது. 240 செடிகள் 80 செடிகளின் பெறுமானத்துக்கு இறங்கிவிடுகின்றன. இதை அவருக்கு விளக்கி, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் பாத்தியைச் சமவாய்ப்பு விளைவாக, அதாவது பாத்திக்குப் பாத்தி தற்செயலாக வரும் ஏற்றத்தாழ்வாக, சேர்த்து ஓட்டினேன். 232 என்றிருந்தது 40 ஆகக் குறைந்தது. பொட்டாஷின் பி-மதிப்பு சற்று ஏறினாலும் நிலைத்தது, சொட்டுநீரின் பி-மதிப்பு அப்போதும் மிகச் சிறிதாகவே இருந்தது. மாணவியின் முகம் மலர்ந்தது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் அன்றைய வேலை ஏழு மணிக்கு முடிந்திருக்கும்.

சமதளம்

ஏதோ ஒரு பழக்கத்தில், ‘பாதி’ என்று இன்னொரு பத்தியைச் சேர்த்தேன். மேற்குப் பாதி ஒன்று, கிழக்குப் பாதி இரண்டு. அதையும் சமவாய்ப்பு விளைவாக மாடலில் வைத்து ஓட்டியபோது, மென்பொருள் ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு விடையையும் கொடுத்தது. பாதிகளுக்கு இடையிலான சிதறலின் அளவான திட்ட விலக்கம், மிச்சப் பிழையின் திட்ட விலக்கத்துக்கு ஏறத்தாழச் சமமாக நின்றது. சொட்டுநீரின் திட்டப்பிழை, அதாவது அதன் விளைவின் கணிப்பு எவ்வளவு நிச்சயமற்றது என்பதன் அளவு, பல மடங்கு பெருகியிருந்தது. இவ்வளவு பொருத்தமாக ஓர் எண் வருவது இயற்கையில்லை என்று பட்டதால், கணிப்பைத் தொடங்கும் மதிப்பை ஒன்றிலிருந்து ஐந்தாக மாற்றினேன். இப்போது ஐந்து மடங்குக்குப் பக்கத்தில் போய் நின்றது. பத்தாக மாற்றினால் பத்துக்குப் பக்கத்தில். எங்கே இறக்கிவிட்டாலும் அங்கேயே அமர்ந்துகொண்டது.

இதன் காரணத்தைச் சொல்ல, மென்பொருள் மாறுபாடுகளைக் கணிக்கப் பயன்படுத்திய, ரெம்ல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். புள்ளியியலாளர்கள் பேட்டர்சனும் தாம்ப்சனும் 1971இல் அதை முன்வைத்தபோது அவர்கள் கையில் இருந்ததும் வயல்வெளிச் சோதனைதான். அளவு ஒத்துவராத பிளாக்குகளிலிருந்து, அதாவது பாத்திகளின் தொகுதிகளிலிருந்து, மாறுபாட்டை எப்படிச் சரியாகக் கணிப்பது என்பதே அவர்கள் கேள்வி. பாசனம், உரம் போன்ற நிலையான விளைவுகள் விழுங்கிவிடக்கூடிய பகுதியை முதலில் தரவிலிருந்து நீக்கிவிட்டு, மிஞ்சியதை வைத்து மட்டுமே மாறுபாடுகளைக் கணிப்பது அவர்கள் வழி. எங்கள் தோட்டத்தில் ‘மேற்குப் பாதி’ என்பதும் ‘சொட்டுநீர்’ என்பதும் எழுத்துக்கு எழுத்து ஒரே பத்தி. சொட்டுநீரின் விளைவை நீக்கிவிட்டால் பாதிகளைப் பற்றிய தகவல் ஒரு துளிகூட மிஞ்சாது. ஆகவே பாதிகளின் மாறுபாடு சுழியமாக இருந்தாலும் ஆயிரமாக இருந்தாலும் அந்த முறைக்கு எல்லாம் ஒன்றே. உச்சியைத் தேடி ஏறும் கணினி, மேடே இல்லாத சமதளத்தில் விடப்பட்டதால் விட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. அதே மாடலை, தரவோடு பொருந்தும் அளவான லைக்லிஹுட்டை உச்சமாக்கும் சாதாரண மேக்சிமம் லைக்லிஹுட் முறையில் ஓட்டிப் பார்த்தேன். அது பாதிகளின் மாறுபாட்டை நேராகச் சுழியத்துக்குத் தள்ளி, பழைய சிறிய பி-மதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரே தரவு, ஒரே மாடல், இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘எனக்குத் தெரியாது’ என்கிறது, மற்றொன்று ‘சொட்டுநீர் சந்தேகமே இல்லாமல் சிறந்தது’ என்கிறது. இரண்டாவதை அச்சுக்கு அனுப்பினால் மதிப்பீட்டாளர் எவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார். அட்டவணையின் தலைப்பில் ‘மிக்ஸட் மாடல்’ என்றே இருந்திருக்கும்.

இந்த முறைகளின் பிறப்பிடத்தை நினைத்துப் பார்த்தால் இது புதிய சிக்கலே இல்லை என்பது விளங்கும். சார்லஸ் ஹெண்டர்சன் 1950 வாக்கில் மிக்ஸட் மாடலின் சமன்பாடுகளை வகுத்தது பால்மாட்டு இனவிருத்திக்காக. ஒரு காளை நல்ல காளையா என்பதை அதன் கிடாரிகள் கறக்கும் பாலை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆனால் பால் காளையால் மட்டும் வருவதில்லை, கட்டுத்தரையாலும் தீவனத்தாலும் வருகிறது. ஒரு காளையின் கிடாரிகள் எல்லாம் ஒரே பண்ணையில் நின்று, அந்தப் பண்ணையில் வேறு காளையின் கிடாரி ஒன்றுகூட இல்லை என்றால், மிகுதியான பால் காளைக்கு உரியதா, பண்ணைக்கு உரியதா என்று எந்தச் சமன்பாட்டாலும் பிரிக்க முடியாது. செயற்கை முறைக் கருவூட்டல் பரவி, ஒரே காளையின் கிடாரிகள் பல பண்ணைகளில் பிறந்ததால்தான் அந்தச் சமன்பாடுகளுக்கு உயிர் வந்தது. சமன்பாட்டின் நுட்பம் ஒருபுறம் இருக்கட்டும். கிடாரிகள் பரவியிருந்ததே அதைச் சாத்தியமாக்கியது.

வால்வு

அடுத்த ஞாயிறு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அது மாணவியின் பெரியப்பாவுடையது. வேறு யார் தோட்டத்தில் இரண்டு பாசனத்தைப் பாதிப் பாதியாக வைத்துச் சோதனை செய்ய விடுவார்கள்? மஞ்சள் எடுத்து முடித்து, காய்ந்த தட்டு ஒரு மூலையில் குவிந்திருந்தது. மேற்கே கிணறு, அதன் ஓரமாக மோட்டார் அறை, அங்கிருந்து சொட்டுநீருக்கான சப்மெயின் குழாய் மண்ணுக்குள் இறங்கியது. கிழக்கே கீழ்பவானிக் கிளை வாய்க்காலின் பக்கம் நிலம் ஓரடிக்கு மேல் தாழ்ந்திருந்தது. மேற்கே கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும் செம்மண். கிழக்கே போகப் போக நிறம் கறுத்து, காலடியில் ஒட்டியது. கோப்பில் இவை எதுவும் இல்லை. ஐந்து பத்திகளில் மண்ணுக்கு இடமில்லை.

பெரியவர் எங்களோடு வரப்பில் நடந்து வந்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதை மாணவி முன்பே சொல்லியிருந்தார் போலும். சப்மெயினின் வால்வுக்குப் பக்கத்தில் நின்று, அதைக் காலால் லேசாகத் தட்டிக்கொண்டே பேசினார்.

“அம்மிணி எரநூத்தி நாப்பது செடின்னு சொல்லுச்சுங்க. செடி அத்தனதான், நானும் கூட நின்னுதான் எண்ணுனேன். ஆனா தண்ணி போனது ரெண்டே மடைதானுங்களே? இந்தப் பக்கம் இந்த ஒரு வால்வு, அந்தப் பக்கம் அந்த ஒரு மடை. எரநூத்தி நாப்பது தடவையா தொறந்து உட்டோம்?”

நான் பதில் சொல்லாமல் நின்றேன். அவரே தொடர்ந்தார்.

“மேக்க எப்பவுமே முந்திக்கிட்டு வெளையுமுங்க. கெழக்க ஐப்பசி மழைக்கு நீர் கோத்துக்கும், கெழங்கு அழுகிப் போயிரும். கெணறும் மோட்டாரும் இங்க இருக்கறதால சொட்டுநீர இந்தப் பக்கம் போட்டுட்டோம். பைப்பு செலவு மிச்சம் பாருங்க.”

இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் வரையறையாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை, அந்த வால்வின் முன் நின்றபோதுதான் பொருளாகப் பார்த்தேன். சோதனையின் அலகு என்பது எதை அளக்கிறோமோ அது அல்ல. எதற்குச் சிகிச்சையை, அதாவது சோதிக்கும் முறையை, தனித்தனியாகக் கொடுக்கிறோமோ அது. அளந்தவை 240 செடிகள். பாசனம் கொடுக்கப்பட்டவை இரண்டு பாதிகள். ஒரு முறைக்கு ஒரு பாதி என்றால் ரெப்ளிகேஷன், அதாவது அந்த முறை தனித்தனியாகக் கொடுக்கப்பட்ட அலகுகளின் எண்ணிக்கை, ஒன்று. ஒன்றிலிருந்து மாறுபாட்டைக் கணிக்க வழியே கிடையாது. பாதிக்கு 120 செடிகள் என்று வைத்துக் கிஷ்ஷின் கணக்கைப் போட்டால், பாதிக்குள் ஒற்றுமை வெறும் 0.05 என்றாலும் பெருக்கம் 6.95, 240 செடிகள் ஏறத்தாழ 35 ஆகச் சுருங்கிவிடும். செடிகளை ஆயிரமாக, பத்தாயிரமாக உயர்த்தினாலும் அந்த ஒற்றுமையில் 40க்கு மேல் ஏறாது. இந்தக் கணக்குகூடத் தாராளமானதுதான், ஏனென்றால் அந்த 0.05ஐ இந்தத் தரவிலிருந்து நாம் அறியவே முடியாது. ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984இல் இதற்குப் போலி ரெப்ளிகேஷன் என்ற பொருளில் பெயர் வைத்தார். 1960க்குப் பின் வந்த 176 களச் சோதனைகளை அவர் ஆராய்ந்தபோது, அவற்றில் 27 விழுக்காட்டில் இந்தப் பிழை இருந்தது. புள்ளியியல் முறையால் முடிவு எடுத்த ஆய்வுகளை மட்டும் கணக்கில் கொண்டால் 48 விழுக்காடு. இந்த எண்களை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். ஆனாலும் முந்தைய சனிக்கிழமை, பாத்தியைச் சேர்த்ததும் வேலை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் பகுதியில் நீரைச் செடியால் எவரும் எண்ணுவதில்லை என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. கீழ்பவானிப் பாசனத்தில் 1,03,500 ஏக்கருக்கு ஒரு பருவம், மீதி 1,03,500 ஏக்கருக்கு அடுத்த பருவம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அந்த முறையை ஊரில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்றே பேசுகிறோம். எந்த மதகு திறக்கிறது என்பதுதான் செய்தி. அந்தப் பேச்சுக்குள்ளேயே வளர்ந்தவரின் காதுக்கு 240 என்ற எண் உடனே உறுத்தியிருக்கிறது.

மிஞ்சியதும் மிஞ்சாததும்

தரவு முழுவதும் வீண் இல்லை என்பதை மாணவிக்கு முதலில் சொன்னேன். பொட்டாஷ் ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியாக, சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுக்கப்பட்டது. எந்தப் பாதியில் இருந்தாலும் அந்தப் பாதிக்குள் ஒப்பீடு நேர்மையானது. 48 பாத்திகள், 40 டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதில் ஒரு குறையும் இல்லை. சொட்டுநீரின் விளைவை மட்டும் பி-மதிப்போடு எழுத முடியாது. இரு பாதிகளின் சராசரியைக் கொடுக்கலாம், மண்ணும் மட்டமும் வேறு என்பதைப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

அப்போது பெரியவர் வீட்டுக்குள் போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். எந்த ஆண்டு எந்தப் பக்கம் என்ன வெள்ளாமை, எத்தனை மூட்டை, என்ன விலைக்குப் போனது என்று எழுதி வைத்திருந்தார். சொட்டுநீர் போடுவதற்கு முன், இரண்டு பாதிக்கும் வாய்க்கால் தண்ணீரே பாய்ந்த காலத்தில், இருமுறை மஞ்சள் வைத்திருக்கிறார். இருமுறையும் மேற்குப் பாதி மூட்டைக் கணக்கில் தெளிவாக முந்தியிருந்தது. அந்த வித்தியாசம், மாணவியின் ஆய்வேட்டில் ‘சொட்டுநீரின் விளைவு’ என்று எழுதப்பட்டிருந்ததிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

முன்நம்பிக்கையையும் தரவோடு சேர்த்துக் கணிக்கும் பேயீசிய முறையில் போட்டால் தப்பிக்கலாமே என்று ஒரு நண்பர் பின்னர் கேட்டார். போடலாம். ஆனால் லைக்லிஹுட் சமதளமாக இருக்கும் இடத்தில், பாதிகளின் மாறுபாட்டைப் பற்றி முன்னதாக நாம் என்ன நம்பினோமோ அதே நம்பிக்கைதான் முடிவாகவும் வெளியே வரும். தரவு அதில் கை வைக்கவே இல்லை. அந்த முன்நம்பிக்கைக்கு ஓர் ஆதாரம் வேண்டும் என்றால், இந்தத் தோட்டத்தைப் பொறுத்தவரை அது அந்த நீள நோட்டுதான். இரண்டே பருவங்கள் என்றாலும், மென்பொருளில் இயல்பாகவே அமைந்திருக்கும் எந்த முன்நம்பிக்கையையும்விட அதை நான் மதிப்பேன்.

நெறியாளரோடு தொலைபேசியில் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மாடல் போட்டாகிவிட்டது, பி-மதிப்பும் வந்துவிட்டது, இதற்கு மேல் எதற்கு இழுக்க வேண்டும் என்றார். மாணவியின் உதவித்தொகை சில மாதங்களில் முடிகிறது என்பதையும் சொன்னார். கெட்ட எண்ணத்தில் அவர் அப்படிச் சொல்லவில்லை. தன் மாணவி கரையேற வேண்டும் என்ற அக்கறை அந்தக் குரலில் இருந்தது. ஆனால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நுணுக்கமான முறையை ஆய்வு முடிந்தபின் மேலே பூசும் வண்ணமாகக் கருதுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. புள்ளியியலாளர் பிஷர் 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணைக்குப் போனபோது, அங்கே பல பத்தாண்டுகளாகக் குவிந்திருந்த தரவு அவருக்காகக் காத்திருந்தது. அதைத் தோண்டிப் பார்த்த அனுபவத்திலிருந்தே, எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சமவாய்ப்பில் ஒதுக்கவேண்டும், மறுபடி மறுபடி செய்யவேண்டும் என்ற விதிகளை அவர் விதைப்புக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். அனோவாவும் அந்த விதிகளும் ஒரே வயலில் ஒன்றாக வளர்ந்தவை. ஒன்றைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவர முடியாது.

மாணவி இரண்டு நாள் யோசித்தார். பிறகு அவராகவே, அந்த இயலில் பொட்டாஷை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றார். பாசன ஒப்பீட்டை, உதவித்தொகை இல்லாவிட்டாலும், அடுத்த பருவத்தில் திருத்திச் செய்கிறேன் என்றும் சொன்னார். நான் அவரிடம் இதை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் உரிமை எனக்கு இல்லை, இழப்பு அவருடையது.

காசு சுண்டியது

வைகாசியில் விதைக்கிழங்கு ஊன்றும் முன் மறுபடி அந்தத் தோட்டத்தில் கூடினோம். இம்முறை நிலத்தை மேற்கிலிருந்து கிழக்காக எட்டுப் பட்டைகளாகப் பிரித்தோம். அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் ஒரு ஜோடி, மொத்தம் நான்கு ஜோடிகள். மண் மேற்கிலிருந்து கிழக்குக்கு மாறுகிறது என்பதால், ஒரு ஜோடிக்குள் இருக்கும் இரண்டு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே மண்ணில் அமையும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பட்டைக்குச் சொட்டுநீர், மற்றதற்கு வாய்க்கால். வாய்க்கால் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து சொட்டுநீர்ப் பட்டைக்குள் போகும் என்று பெரியவர் எச்சரித்ததால், இடையில் இரண்டு பார் மஞ்சளைக் கணக்கில் சேர்க்காமல் விட முடிவு செய்தோம். சொட்டுநீருக்கு நான்கு தனி வால்வுகள் தேவைப்பட்டன. அந்தச் செலவைப் பெரியவர் தாமே ஏற்றுக்கொண்டார். பட்டைக்கு நான்கு பாத்திகள், நான்கு அளவு பொட்டாஷ், பாத்திக்கு மூன்றே செடிகள். மொத்தம் 96. சென்ற ஆண்டைவிடப் பாதிக்கும் குறைவான செடிகள், ஆனால் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய செடிகள்.

எந்தப் பட்டைக்கு எது என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்தோம். மாணவி பத்து ரூபாய் நாணயத்தை எடுத்தார். முதல் ஜோடி கிணற்றை ஒட்டியது. பூ விழுந்தால் கிணற்றோரப் பட்டைக்குச் சொட்டுநீர் என்று சொல்லிச் சுண்டினார்; தலை விழுந்தது. கிணற்றோரத்துக்கு வாய்க்கால் தண்ணீர் என்று ஆனது.

“கெணத்த ஒட்டி நிக்கறதுக்கு அங்கிருந்து வாய்க்கா தண்ணி கொண்டாரோணுமா? பட்டைய மாத்திக்கலாம் கண்ணு, யாருக்குத் தெரியப்போவுது?” என்றார் பெரியவர்.

“இல்லீங் பெரியப்பா. போன தடவ வசதிக்குப் போட்டுத்தான் இத்தன வெனையும். காசு சொன்னபடியே போட்டுருவோம்” என்றார் அவர்.

பெரியவர் சித்த நேரம் வாய்க்கால் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீரை மேற்கே கொண்டுவர எங்கே கால் வெட்டலாம் என்று அளக்கப் போனார். அன்று மாலைக்குள் எட்டுப் பட்டைகளின் தலையிலும் எண் எழுதிய கல் நட்டோம். கோப்பில் ‘ஜோடி’, ‘பட்டை’ என்று இரண்டு பத்திகளை மாணவி அங்கேயே திறன்பேசியில் சேர்த்துவிட்டார்.

பகுப்பாய்வை எப்படிச் செய்வது என்பதையும் அன்றே எழுதிக் கையெழுத்திட்டோம். இது பழைய ஸ்பிளிட் பிளாட் வடிவமைப்புதான்: பெரிய பட்டைகளுக்கு ஒரு சிகிச்சை, அவற்றுக்குள் இருக்கும் பாத்திகளுக்கு இன்னொன்று. பாசனத்தை ஒப்பிட நான்கு ஜோடிகளிலிருந்து கிடைப்பது 3 டிகிரி ஆஃப் ஃப்ரீடம். பொட்டாஷை ஒப்பிட 18. மூன்று என்றால், ஐந்து விழுக்காட்டு அளவில் டி-மதிப்பு, அதாவது வித்தியாசத்தை அதன் திட்டப்பிழையால் வகுத்து வருவது, 3.182ஐத் தாண்ட வேண்டும். 232 என்று வைத்துக்கொண்டு ஏமாந்திருந்தால் 1.97 போதுமானது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்டு மாணவி கவலைப்பட்டார். கவலை நியாயமானதே. நான்கு ஜோடிகள் மிகக் குறைவு. ஆறு இருந்தால் எல்லை 2.571க்கு இறங்கியிருக்கும். நிலமும் குழாயும் அதற்கு இடம் தரவில்லை.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நன்கு கற்றவர்களும் இங்கே வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு குறைந்த பட்டைகளை வைத்து மிக்ஸட் மாடலை ஓட்டினால், பட்டைகளுக்கு இடையிலான மாறுபாடு சரியாகச் சுழியம் என்று விடை வருவது அடிக்கடி நடக்கும். உடனே, பட்டைக்குப் பட்டை வித்தியாசமே இல்லை என்று மென்பொருளே சொல்லிவிட்டது, அந்த விளைவை நீக்கிவிடலாம் என்று தோன்றும். நீக்காமலே விட்டாலும், மாறுபாடுகளின் கணிப்பை வைத்தே டிகிரி ஆஃப் ஃப்ரீடத்தைப் பெறும் சாட்டர்த்வெய்ட் முறையில் அது மூன்றிலிருந்து பாத்திகளின் எண்ணிக்கையை நோக்கித் தாவிவிடும். சுழியம் என்பது எட்டுப் பட்டைகள் கொடுக்கக்கூடிய மங்கலான கணிப்பு, அவ்வளவே. பட்டைகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்பதற்கு அது சான்று ஆகாது. எதை எதற்குச் சமவாய்ப்பில் ஒதுக்கினோமோ அந்த அமைப்பே பகுப்பாய்வின் அடுக்குகளைத் தீர்மானிக்கும் என்பதை புள்ளியியலாளர் ஜான் நெல்டர் 1965இல் எழுதிய கட்டுரைகளில் தெளிவாக்கிவிட்டார். காசு சுண்டியது பட்டைகளுக்கு. ஆகவே தரவு என்ன சொன்னாலும் பட்டை மாடலில் இருக்கும், மூன்று மூன்றாகவே இருக்கும் என்று அந்தத் தாளில் எழுதினோம்.

இதற்கிடையில் இன்னொரு காரியத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவருக்கு வாழையில் சொட்டுநீர் பற்றிய தரவைப் பகுத்துக் கொடுத்திருக்கிறேன். 180 மரங்கள். பி-மதிப்பு 0.001க்கும் கீழே என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அது ஆய்வேட்டிலும் ஒரு கட்டுரையிலும் அச்சாகியிருக்கிறது. அந்தக் கோப்பைத் தேடி எடுக்க எனக்கு ஒரு மாதம் தயக்கம் இருந்தது. எடுத்துத் திறந்தபோது, மரத்தின் எண் இருந்தது, வரிசையின் எண் இருந்தது, தாரின் எடை, சீப்பின் எண்ணிக்கை, காயின் நீளம் எல்லாம் இருந்தன. எத்தனை வால்வுகள், எந்த வரிசைக்கு எது என்ற பத்தி மட்டும் இல்லை. நான் அப்போது அதைக் கேட்கவே இல்லை.

சென்ற வாரம் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது அவரும் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், அந்தத் தோட்டத்தில் குழாய் எப்படிப் போட்டிருந்தார்கள் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. நான்கு சப்மெயின் இருந்ததாக நினைவு, ஆனால் நான்கையும் ஒரே வால்வில் இணைத்திருந்தார்களா என்பது தெரியவில்லை என்றார். தோட்டக்காரர் இப்போது இல்லை, அவர் மகன் அங்கேதான் இருக்கிறார், இந்த ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு அழைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.